பின்வாசல் கட்டை

“அவர் கோயிலாலை வாறதுக்குள்ளை முடிச்சுப்போடுங்கோ, அண்ணை,” என்று திரேசம்மா மறுபடியும் சொன்னாள்.

பின்வாசலின் சீமெந்துத் தரையைக் கொத்திக்கொண்டிருந்த தச்சர் இராசையா நிமிர்ந்தார். “கட்டையைத் தரையோடை மட்டமாப் பதிச்சால்தான் வடிவு, தங்கச்சி. உயர்த்தினால் கால் இடறும்.”

“இடறட்டும். உயர்த்தியே வையுங்கோ. நான் கேட்டனான் எண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. மனம் நோவார்.”

முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. திரேசம்மா அசையாமல் நின்றாள். அவளுடைய புருஷன் சவிரிமுத்து சுவரைப் பிடித்தபடி வந்து நின்றான்.

“என்ன வேலை நடக்குது?”

“வாசலுக்குக் கட்டை பதிக்கிறன்,” என்றார் இராசையா.

சவிரிமுத்து குரலைத் தாழ்த்தினான். “திரேசம்மா இஞ்சை நிக்கிறாளோ?”

அவள் அவனுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இராசையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வேண்டாமென்று தலையாட்ட, “இல்லை,” என்றார்.

“அப்ப நல்லா உயர்த்தி வையுங்கோ. ஷெல் வெடிச்சுக் கண் போனாப்பிறகு வீடு எங்கை முடியுது எண்டு எனக்குத் தெரியேல்லை. நேற்றுப் பின்னாலை ஷெல்லுக்குப் பதுங்க வெட்டின பங்கர்க் குழிக்குள்ளை விழப் பாத்தன். அவளுக்குச் சொல்லாதையுங்கோ, பயப்பிடுவாள்.”

திரேசம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டைக்கு அடியில் வைக்க இன்னொரு பலகைத் துண்டை எடுத்து இராசையாவிடம் நீட்டினாள்.