முதலிடப் பெட்டி

நகரத்துப் பள்ளி ஒன்றில் அன்று பழைய விளையாட்டு வீரர்களுக்குப் பாராட்டு விழா. வெற்றி மேடையின் மூன்று மரப் பெட்டிகளும் மைதானத்தில் காத்திருந்தன.

‘ஒன்று’ என்று எழுதிய உயரமான பெட்டிக்கு மட்டும் உள்ளூர நடுக்கம். அதன் உட்பலகையைக் கரையான் தின்றிருந்தது. மேலே புது வண்ணம் பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“சொல்லிடுண்ணே! முதல்ல ஏறப்போறது குண்டு எறிதல் பிலோமினா அக்கா. விழுந்தா என்னாகும்?” என்றது மூன்றாம் பெட்டி.

“வாயை மூடுடா, குட்டையா! தெரிஞ்சா என்னை விறகாக்கிடுவாங்க.”

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நரைத்த தலையும் கட்டுப் போட்ட முழங்காலுமாக வந்த பிலோமினா, முதல் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்தார். பலகை வளைந்தது. அவர் மறுகாலையும் தூக்கப் போனார்.

பெட்டி தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கிறீச்சென்று அலறியது.

அவர் சட்டென்று பின்வாங்கினார். ஆட்கள் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பிலோமினா சிரித்தபடி மூன்றாம் பெட்டியில் ஏறினார். “இதுல நான் நின்னதே இல்லையே!” மைதானமே கைதட்டியது.

“அண்ணே, பயங்கரக் கனம்!” என்று முனகியது மூன்றாம் பெட்டி.

“அசையாதேடா,” என்றது சுவரோரம் கவிழ்ந்து கிடந்த பெட்டி. “அவங்க கைதட்டி முடிக்கட்டும்.”