கைமாறிய கடிகாரம்

"மணி பதினொண்ணுகூட ஆகல, அதுக்குள்ள ஏழாயிரம் அடி நடந்துட்டீங்களா?" போனில் மனைவிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"எல்லாம் உன் புண்ணியம்," என்றார் லிஃப்ட் மெக்கானிக், ஓட்டல் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி. வயிற்றின் மேல் வறுத்த உருளைக்கிழங்குப் பாக்கெட்.

மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கும் பிழைப்பு. கண்ட நேரத்தில் கண்டதைச் சாப்பிட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் எகிறிவிட்டன. "தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். இல்லேன்னா வெளியூர் போகத் தகுதி இல்லேன்னு எழுதிடுவேன்," என்று கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெளியூர் இல்லையென்றால் அவருக்கு வேலையே இல்லை.

மனைவி ஒரு கைக்கடிகாரம் வாங்கி மாட்டிவிட்டாள். எத்தனை அடி, எத்தனை நாடித்துடிப்பு, எல்லாம் உடனுக்குடன் அவள் போனில் தெரிந்துவிடும்.

மனுஷர் சும்மா இருப்பாரா? அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார்.

"எப்படியும் நாள் பூரா நடக்கத்தானே போறேன், குடுங்க சார்," என்று அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டார். நான்கு நாளாகப் பகலெல்லாம் கடிகாரம் அந்தக் கையில்தான்.

"என்னங்க, நாடி நூத்தி அறுபத்தஞ்சு காட்டுது." மனைவியின் குரல் திடீரென்று நடுங்கியது. "ஏறிட்டே போகுது. நெஞ்சு வலிக்குதா? உடனே உக்காருங்க."

மெக்கானிக் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்பாடா என்று ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம், கடிகாரம் அக்கா கையில் இருப்பது உறைத்தது.

"அது என் நாடி இல்ல. அப்புறம் சொல்றேன்," என்று போனைத் துண்டித்துவிட்டு ஓடினார்.

லிஃப்ட் ஓடவில்லை. அந்த ஓட்டல் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர், காலையில் அவரேதான் கழற்றிப் போட்டிருந்தார். சாயங்காலம் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்து படுத்தவர், இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டு, அக்காவைத் தேடி மாடி மாடியாகப் படியேறினார்.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. மெக்கானிக் மூச்சிரைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கீழே வரவேற்பறைக்குப் போன் போட்டு டாக்டரை வரச் சொன்னார்.

"பதறாதீங்க சார். இப்பத்தான் மூச்சு சீராகுது."

அப்போதுதான் கவனித்தார். அக்கா பக்கத்தில் வாளியும் இல்லை, துணி மூட்டையும் இல்லை.

"டீ குடிக்கிற நேரத்துல எதுக்குக்கா படியேறினீங்க?"

"நேத்து அறுநூறு அடி குறைஞ்சுபோச்சுன்னு முகம் வாடி நின்னீங்களே சார். உங்க வேலை போயிடக் கூடாதேன்னு, சும்மாவே நாலு தடவை ஏறி இறங்கினேன்."