மூன்று கைச் சட்டை

சட்டைக்கு மூன்று கை இருந்தது.

ஏழாவது மொட்டை மாடி, கொடியில் இடமிருந்து நான்காவது துணி. மாமா அதை மஞ்சள் தாளில் எழுதி, சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு இழுத்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு மனோஜிடம் நீட்டினார். தாள் எண் நானூற்றுப் பன்னிரண்டு.

மனோஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் இரண்டு மணிக்குள் விளையாட்டை இணையக் கடைக்கு அனுப்பினால்தான் அவர்கள் பார்த்து முடித்துச் சங்கராந்திக்குள் வெளியிடுவார்கள். மாடிக்கு மாடி தாவிப் பட்டம் பிடிக்கிற ஒரு பூனையின் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. ஹைதராபாத் வானம் முழுக்கப் பட்டம் பறக்கிற நாளில் வராமல் வேறு எப்போது வருவதாம்? இரண்டு சங்கராந்தி ஏற்கெனவே கையை விட்டுப் போயாயிற்று.

அவனும் மனைவி பூர்ணாவும் வேலையை விட்டுவிட்டு, குஷாய்குடாவில் அவள் அப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான்கு வருஷமாகச் செய்கிறார்கள். பூனை வெளியே வந்ததா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி ஆன்ட்டி இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

எல்லாம் மாமாவால் வந்தது.

மாமா வேணுகோபால் எலக்ட்ரானிக்ஸ் பிளான்ட்டில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டர். அவர் பச்சை மையில் எழுதிக் கொடுக்காமல் ஒரு சர்க்யூட் போர்டு வாசல் தாண்டாது. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மாதம், காலையில் சட்டையை டக் செய்துகொண்டு பிளான்ட் கேட் வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம் சட்டையே போடவில்லை. பனியனோடு உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூர்ணாதான் ஒருநாள் அவர் கையில் விளையாட்டைக் கொடுத்து, தப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றாள்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தவர்தான். காக்கையின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது. தொட்டி வழிந்த பிறகும் மோட்டார் ஓடுகிறது. தாள், தாள், தாள். அத்தனையும் மஞ்சள். பச்சை மையை மனோஜ் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

போதாததற்கு வாரம் ஒருமுறை இந்தப் பெருமை வேறு: "இன்ஸ்பெக்டர் தூங்கறானான்னு பார்க்க, வேணும்னே ஒரு கெட்ட போர்டை உள்ள விடுவாங்க மாப்பிள்ளை. என்கிட்ட ஒண்ணாவது தப்பிச்சிருக்கும்ங்கறீங்க? ஒண்ணுகூடக் கிடையாது!"

இன்றைக்கு மனோஜ் கெஞ்சியே பார்த்தான். சட்டைதானே மாமா, வெளியிட்ட பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றான்.

"மூணு கை சட்டையை எவன் மாப்பிள்ளை போடுவான்?" என்றார் மாமா. பன்னிரண்டரை ஆகியிருந்தது. எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மனோஜ் அந்தச் சட்டையைத் திறந்தான். அது அவனே வரைந்த சட்டை. அன்றைக்கு அதற்கு இரண்டு கைதான் இருந்தது, சத்தியமாக.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பார்த்தான்.

மூன்றாவது கை. நேற்று மாலை ஆறு பத்து. பூர்ணா.

பட்டியலில் இன்னும் மேலே போனான். போன வாரம் ஆடு குரைத்தது. பூர்ணா. அதற்கு முந்தின வாரம் வானத்தில் இரண்டு நிலா. பூர்ணா. ஒரு வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டே இருந்தது பட்டியல்.

கூப்பிட்டான். கையில் சாம்பார்க் கரண்டியோடு வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"அனுப்பிட்டா நாளைக்கு ஒன்பதே காலுக்கு அப்பா எங்க போவாரு, மனோஜ்?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

சாம்பார் ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அவனுக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமாவின் தாள்கட்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல இருந்தது. தூக்கினான்.

அடி அட்டைக்குள்ளிருந்து ஒரு தாள் நழுவிக் காலடியில் விழுந்தது.

எண் இல்லை. எழுத்து பச்சை. தேதி, ஒரு வருஷத்துக்கு முந்தின டிசம்பர் பதினெட்டு.

'பார்த்தேன். குறை இல்லை. அனுப்பலாம். ஆனால் பூர்ணாவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இரண்டு வாரமாக அவளே குறை வைக்கிறாள். வருகிறவரை கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், கோபப்படுவார்.'

கீழே முழுக் கையெழுத்து.

மனோஜ் அதை இரண்டு தரம் படித்தான். உள்ளே தட்டில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிட்டே அனுப்பலாம் என்று மகள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் நல்லது, அவசரம் வேண்டாம் என்று அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று ஐந்து.

பச்சை மைத் தாளை மடிப்புக் கலையாமல் அட்டைக்குள் இருந்த இடத்திலேயே வைத்தான். சட்டையின் மூன்றாவது கையைத் தொடவில்லை. கொடியில் அது பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டுவிட்டு, விளையாட்டைக் கடைக்கு அனுப்பினான்.

பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான்.