நெட் வர நெட் வேணும்

"ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டரைக் கெடுத்து வச்சுட்டு, உக்காந்திருக்கற தோரணையைப் பாரு!"

அத்தான் போட்ட சத்தத்தில் அக்கா கையிலிருந்த டம்ளர் தளும்பியது.

சத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மகளுக்கு நாலு மணிக்கு ஆன்லைனில் வேலைக்கான தேர்வு. எழுதி முடித்த கையோடு கேமரா முன்னால் நேர்காணல். முந்தின நாள் பார்த்து அக்காவின் தம்பி, "பழைய மெஷின், இழுத்துக்கிட்டுக் கிடக்கு. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா பறக்கும்" என்று போட்டுக் கொடுத்திருந்தான்.

பறக்கத்தான் செய்தது. வைஃபையை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

லினக்ஸின் சின்னம் பெங்குவின். அதனால் வீட்டில் தம்பிக்கும் அதுவே பெயர். படிப்பு உண்டு, வேலை இல்லை.

"என்னதான்டா பிரச்சினை?" என்றாள் அக்கா.

"வைஃபையை ஓட வைக்கிற டிரைவர்னு ஒரு புரோகிராம், அது இதுல இல்லைக்கா. நெட்லேருந்து இறக்கணும்."

"இறக்கேன்."

"நெட் இல்லையே."

"அதானேடா எங்களுக்கும் வேணும்!"

"அது வரணும்னாதான் டிரைவர் வேணும்."

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "நெட் வர்றதுக்கு நெட் வேணுமாம்! இவனுக்கு வேலை கிடைக்காத கதையும் இதேதான். வேலை கேட்டா அனுபவம் இருக்காங்கறான். அனுபவத்துக்கு வேலை வேணும்."

பெங்குவின் சிரித்தான். அத்தான் பேச்சுக்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஜாதி இல்லை அவன்.

வைஃபை மாடியில் இருக்கும் வீட்டுக்காரருடையது. அங்கிருந்து கேபிள் இழுக்கவும் வழியில்லை. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, வேற வழியே இல்லையா?"

"ஒரு போனைக் கேபிள்ல மாட்டினா, அதுல இருக்கற நெட் கம்ப்யூட்டருக்கு வந்துடும். அத்தான், உங்க போன்..."

"என்னோடது பட்டன் போன்டா."

மகளின் போன் ரிப்பேர் கடையில் இருந்தது. அக்கா போனில் சார்ஜ் ஏறவே கேபிளைக் கோணலாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"உன்னோடது என்னடா ஆச்சு?" என்றார் அத்தான்.

பெங்குவின் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான்.

"பாத்தியா! அக்கா பொண்ணுக்குக் கொஞ்சம் நெட் கொடுக்கக் கை வரலை. கஞ்சப் பய!"

அவன் கேபிளை எடுத்து மாட்டினான். போனில் எதையோ தட்டினான். திரையின் மூலையில் இணைப்பு வந்துவிட்டதாக ஒரு வரி எட்டிப் பார்த்தது. மகளுக்கு உயிர் வந்தது.

"தேர்வு முடியறவரைக்கும் இப்படியே ஓடட்டும், டிரைவரை அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். "ஒண்ணுதான். பழைய போன். கால் வந்து எடுத்துப் பேசினா நெட் அறுந்துடும். நடுவுல அறுந்தா உன்னை மறுபடி உள்ள விட மாட்டாங்க."

"உனக்கு யாருடா கூப்பிடப் போறாங்க?" அத்தானுக்கு அவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

தேர்வு தொடங்கிய சற்று நேரத்திலேயே போன் அதிர்ந்தது. பெங்குவின் பாய்ந்து கட் பண்ணினான். மறுபடி அதிர்ந்தது. மறுபடி கட். அதன் பிறகு அவன் போனை விட்டு நகரவே இல்லை, அடைகாக்கிற கோழி மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அத்தான் வாசற்படியிலிருந்து கிசுகிசுத்தார். "யாருடா அது?"

"ஏதோ விளம்பரம், அத்தான்."

"விளம்பரத்துக்கா இப்படி வேர்க்குது உனக்கு?"

அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். போன் இன்னொரு தரம் அதிர, அதையும் கட் பண்ணினான்.

நேர்காணலும் முடிந்து மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்பா, எடுத்துட்டாங்க! அடுத்த வாரமே வந்து சேரச் சொல்லிட்டாங்க!"

அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தானுக்கும் கண் கலங்கியது. பெங்குவின் மருமகள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முகம் கழுவப் போனான்.

மேஜை மேல் போன் மறுபடி அதிர்ந்தது.

"இன்னிக்கு இவங்களை ஒரு வழி பண்ணிடறேன்." அத்தான் எடுத்தார். "ஏங்க, மனுஷனை இப்படியா தொல்லை பண்ணுவீங்க? என்னதான் விக்கறீங்க?"

"விக்கலைங்க. கம்பெனியிலேருந்து பேசறோம். நாலு மணிக்கு அவருக்குப் போன்லயே இன்டர்வியூன்னு நேத்தே சொல்லியிருந்தோம். கூப்பிடக் கூப்பிடக் கட் பண்ணிட்டார். சொந்த வேலை விஷயத்துலயே இவ்வளவு அலட்சியமா இருக்கறவர் எங்களுக்கு எப்படிங்க சரிப்படுவார்? வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"சார், வச்சிடாதீங்க" என்றார் அவசரமாக. "நீங்க சொன்னதையேதான் நானும் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க காலை ஏன் கட் பண்ணினான்னு இப்ப நான் சொல்றேன். கேட்டுட்டு, இப்படி ஒரு ஆளை விட்டுட மனசு வருதான்னு நீங்களே சொல்லுங்க."