ஆமைகள் ஏறும் பக்கம்

கழிமுகத்துக்கு முதலை வந்ததிலிருந்து யாராலும் நிம்மதியாக மீன்பிடிக்க முடியவில்லை. அதனால் நீர்நாயும் நண்டும் ஒரு போர்ப்படகு கட்ட முடிவு செய்தன. கூடவே நின்று சண்டை போடுவதாக எதிர்க்கரை ஆமைகளும் சொல்லியிருந்தன.

“பக்கச் சுவர் உயரமாக இருக்கட்டும். முதலையால் ஏறவே முடியக் கூடாது,” என்றது நீர்நாய். நண்டு அப்படியே மணலில் வரைந்தது.

பார்க்க வந்த ஆமை படத்தை ஒருமுறை சுற்றி வந்தது. “படகு அருமை. நாங்கள் எப்படி ஏறுவது?” என்று கேட்டது.

நண்டு வெட்கத்தோடு சுவரை அழித்துவிட்டு, அங்கே ஒரு சரிவுப் பலகையை வரைந்தது.

“இதில் முதலையும் ஏறிவிடுமே,” என்று நீர்நாய் பதறியது.

“ஏறட்டுமே. மேலே நாங்கள் நாற்பது பேர் இருப்போம்,” என்றது ஆமை.

நீர்நாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, பலகையை இன்னும் அகலமாக வரையச் சொன்னது.