காலித் தொட்டில்

"மருந்துக்கடைக்காரியா? அவளா பேசப் போறா?"

தையல்கடை அக்காவின் ஊசி பாதியில் நின்றது.

"மெதுவா. தெருவுக்கே கேக்குது" என்றார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர். "பாஸ்டரம்மா போன் பண்ணாங்க. ஜீவ ஞாயிறுக்கு இந்த வருஷம் அந்தப் பொண்ணுதானாம்."

ஜீவ ஞாயிறு என்றால், கருவில் இருக்கும் உயிர்களுக்காகச் சபை ஜெபிக்கிற நாள். பிறக்காமலே போன பிள்ளைகளின் நினைவாகப் பீடத்துக்கு முன்னால் ஒரு காலித் தொட்டிலை வைப்பார்கள். தொட்டில் அக்கா கொடுத்தது. அதன் வெள்ளை வலை அக்கா தைத்தது. பக்கத்தில் நின்று பேசுவதும் வருஷா வருஷம் அக்காதான்.

"அவ சபைக்கு வந்து முழுசா ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஒரு வசனம் தடுமாறாம சொல்லத் தெரியாது. கலைக்கிற மாத்திரை கேட்டு ஆளுங்க போய் நிக்கிறதே அவ கடையிலதான். அவ உயிரைப் பத்திப் பேசுவாளாம், நாம கைகட்டி உக்காந்து கேக்கணுமாம்!"

"உனக்கு வயிறு எரியுதுன்னு சொல்லேன்."

"எனக்கென்ன எரிச்சல்? போன வருஷம் நான் பேசினப்போ சபையே அழுதுச்சு. 'கலைக்காதே'ன்னு சொல்ற வாய்தான் 'எங்க வீட்டுக்கு வா'ன்னும் சொல்லணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தியே. எனக்கே மனப்பாடம்."

அக்கா முறைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். கல்யாணக் கவுனில் பாதி முத்து இன்னும் தைக்கவில்லை.

"நம்ம கடையில முத்துத் தைச்ச அந்தச் சின்னப் பொண்ணு இருந்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்" என்றார் கணவர். "அவ கை மாதிரி வராது."

"வந்துட்டாரு, பரிஞ்சு பேச! கல்யாணக் கவுன் கடையில, கல்யாணமே ஆகாதவ வாயைப் பொத்திக்கிட்டு வாந்தியெடுக்க ஓடினா, வர்ற கஸ்டமர் என்ன நினைப்பாங்க? அனுப்பாம கொஞ்சிக்கிட்டா இருக்க முடியும்?"

கணவர் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பாஸ்டரம்மா மருந்துக்கடைக்காரியின் உயரத்துக்கு மைக்கை இறக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. தனக்கு ஒருநாளாவது இப்படி இறக்கிக் கொடுத்திருப்பாரா? எக்கி எக்கியல்லவா பேசினோம்!

அப்போதுதான் கவனித்தாள். பீடத்துக்கு முன்னால் தொட்டிலைக் காணோம்.

"என் தொட்டில் எங்கே?"

"இவதான் கேட்டு எடுத்துட்டுப் போனா. ரெண்டு வாரம் இருக்கும்" என்றார் பாஸ்டரம்மா.

மருந்துக்கடைக்காரி நெளிந்தாள். "மன்னிச்சுக்குங்க அக்கா. அது இப்போ காலியா இல்ல. அதான் கொண்டுவரலை."

காலியாக இல்லையாம்! துவைத்த துணியைப் போட்டுக் குவித்திருப்பாள்.

"அது இல்லாம என்ன ஜீவ ஞாயிறு? இருங்க, நானே போய் எடுத்துட்டு வரேன்."

"அக்கா, வேண்டாம்... நான் சொல்றதைக் கேளுங்க..."

பாட்டு ஆரம்பித்துவிட்டது. அக்கா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். உள்ளுக்குள் ஒரு குஷி. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நடந்து வந்தால், சபை மைக்கையா பார்க்கும்?

மருந்துக்கடைக்காரியின் வீடு ஆலயச் சுவரை ஒட்டி, கடைக்கு மேலேயே இருந்தது. அக்கா மாடியேறிக் கதவைத் தள்ளினாள்.

ஒரு பக்கம் மருந்து அட்டைப்பெட்டிகள். ஜன்னலோரமாகத் தொட்டில். வெள்ளை வலைக்குள்ளே, முஷ்டியை மடக்கிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் குட்டிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

முத்துத் தைத்த அதே பெண்.

"அக்கா! தொட்டிலுக்கு வந்தீங்களா? இதோ, குழந்தையை எடுத்துடறேன்."

"இரு... நீ எப்படி இங்கே?"

"மாத்திரை கேட்டு இவங்க கடைக்கு வந்தேன் அக்கா. வேலை போயிடுச்சு. வீட்லயும் சேர்க்கலை. வேற வழி தெரியலை." அவள் கீழே பார்த்துக்கொண்டு பேசினாள். "அவங்க மாத்திரையும் தரலை, திட்டவும் இல்லை. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்துட்டாங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மைக் கரகரத்தது.

"எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன்." மருந்துக்கடைக்காரியின் குரல். "போன வருஷம் தையல்கடை அக்கா இதே இடத்துல நின்னு சொன்னாங்க, 'கலைக்காதே'ன்னு சொல்ற வாய்தான் 'எங்க வீட்டுக்கு வா'ன்னும் சொல்லணும்னு. அது என் மனசுல அப்படியே தங்கிடுச்சு. அப்புறம் ஒருநாள் ஒரு பொண்ணு என் கடைக்கு அழுதுக்கிட்டே வந்தா. அக்கா சொன்னதைத்தான் செஞ்சேன். எனக்கா ஒண்ணும் தோணலை. இன்னைக்கு ஒரு குழந்தை உயிரோட இருக்குன்னா, அதுக்குக் காரணம் அக்காதான்."

கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. எந்த வருஷமும் அக்கா கேட்டிராத கைதட்டல்.

சத்தத்தில் குழந்தை சிணுங்கியது. அந்தப் பெண் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பயப்படாதீங்க அக்கா. எந்தக் கடையில வேலை பார்த்தேன்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."