வராதவர் பட்டியலில் ஒரு பெயர்

முதல் பாடவேளை முடிந்ததும், வராத பிள்ளைகளின் பட்டியல் பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டுக் காரணம் எழுதுவது என் வேலை. ஃபோன் போடாமல் எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது என்பது தலைமை ஆசிரியரின் உத்தரவு.

அன்று ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் என் மகளின் பெயர் இருந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நான்தானே கூட்டி வந்தேன்? இருந்தாலும் பியூன் அண்ணனைப் பார்த்துவரச் சொன்னேன்.

"பாப்பா ஜம்முனு மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கு. டீச்சர் கை தவறிப் போட்டுட்டாங்களாம்."

"அதுக்காக என் வீட்டுக்கே நான் ஃபோன் போடணுமாண்ணே? சரி, உத்தரவுன்னா உத்தரவுதான்."

வீட்டில் நாங்கள் இருவர்தான். பூட்டிய வீட்டில் யார் எடுக்கப் போகிறார்கள்? 'பதில் இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஏம்மா என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போன?" என் மகள்தான். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "ஜன்னல்ல நின்னு கத்துனேன், நீ திரும்பியே பாக்கல. வண்டில உன் பின்னாடி உக்காந்திருந்தது யாரு?"

அலுவலக ஜன்னலுக்கு வெளியே என் மகள் வந்து நின்றாள். காலையில் நான் பின்னிவிட்ட சடை அப்படியே இருந்தது. கம்பிக்குள் கையை நீட்டினாள்.

"அம்மா, வயிறு வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன், சாவி குடு."

ஃபோனில் அழுகை சட்டென்று நின்றது.

"குடுக்காதம்மா," என்றது மெல்ல.